பாய்ந்து வந்து கவ்வும்

ஜெஃப்ரி தூண்டிலைத் தோளில் மாட்டினாலே போதும், மனைவி பிரிஸ்கில்லா சாம்பாருக்குப் பருப்பு வேகப் போட்டுவிடுவாள். வெயில் காலம், மீனுக்கு மந்தம். ஒரு மாதமாக ஒரு விரால்கூட அவனை மதிக்கவில்லை.

ஏரிக்குப் போகும் வழியில், லாங் பஜார் தூண்டில் கடையில் நுழைந்தான். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் விராலுக்கு இரையாக மாட்டும் ரப்பர் தவளைகளை அமுக்கி, வளைத்து, தோல் மண்டியில் தரம் பார்ப்பவரைப்போல ஒதுக்கிக்கொண்டிருந்தார். கைதேர்ந்த ஆள்தான். ஜெஃப்ரி மெல்ல ஒட்டிக்கொண்டான்.

"இந்த வெயில்ல எது சார் எடுபடும்?"

"சாஃப்ட்டா இருக்கணும் தம்பி. கெட்டியா இருந்தா ஒரு கடி கடிச்சிட்டுத் துப்பிடும்."

"கலரு?"

"அதெல்லாம் கண்டுக்காது. சும்மா கிடக்கிற மாதிரி விட்டு, திடீர்னு ஒரு இழுப்பு இழுக்கணும். பாஞ்சி வந்து கவ்வும்."

அவர் எடுத்த தவளையிலேயே நாலு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான் ஜெஃப்ரி.

"நீங்க எந்த ஏரிக்கு சார் போவீங்க?"

"ஏரியா? எங்க வூட்டு ஹால்லதான் தம்பி. கொக்கியைக் கழட்டிட்டு நூல்ல கட்டி இழுத்தா, எங்க பூனைக்கு அப்படி ஒரு குஷி."

வெளியே வந்து ஜெஃப்ரி வீட்டுக்குப் போன் போட்டான்.

"பருப்பு வேகப் போட்டுடு."

"அது அப்பவே வெந்துடுச்சு" என்றாள் பிரிஸ்கில்லா.