கிளைடு சுரங்கத்தின் கடைசி மனிதர்

ஈரக் குடையை உதறிக்கொண்டு நாற்பத்து மூன்றாவது ‘கடைசி மனிதர்’ உள்ளே வந்தபோது, ஷோனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிளாஸ்கோவில் கிளைடு ஆற்றுக்கு அடியே போன சுரங்கப்பாதையை மூடி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. குதிரையையும் வண்டியையும் லிப்டில் இறக்கி ஏற்றிய வடகரை வட்டக் கட்டடம் இப்போது உணவகம். ஷோனா அதன் மேலாளர். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம்.

முதலாளி கால்பிரெய்த் சும்மா இருக்க மாட்டாமல் பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டார். ‘மூடிய அன்று சுரங்கத்தில் கடைசியாக நடந்தவருக்கு, ஆயுள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை விருந்து இலவசம்.’

விடுவார்களா? காலையிலிருந்தே கோட்டும் டையுமாகக் கிழவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். அத்தனை பேர் வயதையும் கூட்டினால் மூவாயிரத்தைத் தாண்டும். இருமல் சத்தத்தில் குவிமாடத்துக் கண்ணாடியே அதிர்ந்தது.

“நான்தாம்மா கடைசி” என்றார் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஹெண்ட்ரி. “விளக்கெல்லாம் அணைஞ்சு கும்மிருட்டு. காவல்காரரே கீழ வந்து, என் கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்தாரு.”

“புளுகாதேடா!” பின்னாலிருந்து பாய்ட் ஊன்றுகோலை ஆட்டினார். “கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தது என்னைய. நீ அன்னைக்கு எந்தச் சாராயக்கடையில கவுந்து கிடந்தியோ!”

ஹெண்ட்ரி திரும்பினார். “உங்க ஃபுட்பால் டீம் இந்த வருஷம் கோப்பை ஜெயிக்கும்னு சொன்னவன்தானே நீ? உன் பேச்சை உன் வீட்டு நாய்கூட நம்பாது.”

நாற்பத்து மூன்று பேரும் சொன்னது ஒரே கதைதான். அதே இருட்டு, அதே காவல்காரர், அதே கை. கூடிப் பேசி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்று ஷோனா முடிவுகட்டினாள். காலையிலிருந்து நின்றதில் கால் இரண்டும் அவளுடையதாகவே இல்லை.

கால்பிரெய்த் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னும் பத்து நிமிஷம்தான். ஒருத்தரைக் கண்டுபிடி. இல்லேன்னா எல்லாரும் பொய்யங்கன்னு சொல்லி வெளிய அனுப்பு. ரெண்டும் முடியலைன்னா நாளைலேர்ந்து நீ வராதே.”

அதைக் கேட்டதும் ஹெண்ட்ரியின் குரல் இறங்கிவிட்டது.

“எனக்குச் சாப்பாடு வேணாம்மா. என் பொண்டாட்டி கண்ணை மூடுற வரைக்கும் இந்த ஒண்ணைத்தான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தா. பொய்யன்னு மட்டும் சொல்லிடாதே.”

ஷோனா எல்லாரையும் அனுப்பிவிடுவதாகத் தீர்மானித்து, ஒரு நாற்காலியை இழுத்து அதன்மேல் ஏறினாள்.

அங்கிருந்து பார்த்தால், ஜன்னலோரம் ஒரு கிழவர் தனியாக சூப் குடித்துக்கொண்டிருந்தார். தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டிருந்தார்.

“நீங்க நாற்பத்து நாலாவதா?” என்றாள் சலிப்போடு.

“இல்லம்மா. நான் காசு கொடுத்துச் சாப்பிட வந்தவன்.”

“அப்ப நீங்களாவது நியாயத்தைச் சொல்லுங்க, ஐயா. இவ்வளவு நேரம் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க. இவங்கள்ல பொய் சொல்றது யாரு?”

அவர் கரண்டியை வைத்துவிட்டு வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

“ஒருத்தரும் இல்லம்மா. அன்னைக்குக் கீழ காவலுக்கு இருந்தது நான்தான்.”

தொப்பியைக் கழற்றினார். வரிசை மொத்தமும் வாயைப் பிளந்தது.

“கடைசியா வெளிய வந்தாத்தான் பெருமைன்னு ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்துட்டாங்க. கெஞ்சினேன், திட்டினேன், விளக்கை அணைச்சேன். ஒருத்தனும் அசையல. நூத்தி முப்பது படி ஏறி இறங்கியே என் முட்டி போச்சு.”

“அப்புறம் எப்படித்தான் வெளிய வந்தாங்க?”

“‘மத்தவங்க எல்லாம் அக்கரையில தெற்கு வாசல் வழியாப் போயாச்சு, நீதான்டா கடைசி’ன்னு ஒவ்வொருத்தன் காதுலயும் நான்தாம்மா சொன்னேன்!”