கையை எடுத்தால் போய்விடும்

மகள் அக்மரால் எதிராளியின் காலைப் பிடித்த நொடியில் படம் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்தது. திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

வீட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஏங்க! மறுபடியும் போயிடுச்சு!" ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கூவினாள் பூருல்.

முற்றத்தில் இரும்புக் கம்பம். அதன் உச்சியில் டிஷ். அடியில் ஸ்பானரும் கையுமாக அவள் கணவன் ஜோல்தோஷ்.

எங்கோ ஒரு தூர தேசத்தில், உலக மல்யுத்தப் போட்டியின் இறுதிச் சுற்றில், அவர்கள் மகள் மோதிக்கொண்டிருந்தாள். செல்போன் கோபுரம் மலைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்ட ஊர் அது. விளையாட்டுச் சேனல் வருவது இந்த ஒரு வீட்டில்தான். ஊரே பூருலின் கம்பளத்தில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு, புளித்த குதிரைப் பாலான குமிஸ் நிரம்பிய கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தது.

காலையிலிருந்தே படம் வருவதும் போவதுமாக இருந்தது. பெட்டிக்குப் பின்னால் வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தார் ஜோல்தோஷ். டிஷ்ஷின் மூக்கில் இருந்த திருகை இறுக்கினார். குறுக்கே ஆடிய பாப்ளர் மரக் கிளையை வெட்டித் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கம்பத்தை இழுத்துப் பிடித்திருந்த கம்பியின் வழியே கொட்டகைக்குப் பின்னால் போனார். கம்பியைக் கட்டியிருந்த முளையிலேயே பக்கத்து வீட்டு சாபிரின் குதிரையும் கட்டப்பட்டிருந்தது. அது எட்டிப் புல் மேயும் போதெல்லாம் கம்பி இழுபட்டு, டிஷ் ஒரு நூல் அளவு சாய்ந்தது.

"அடேய் சாபிர்! உன் குதிரைக்கு என் பொண்ணு மேல அப்படி என்னடா பொறாமை?"

வீடே சிரித்தது. குதிரை இடம் மாறியது. ஜோல்தோஷ் கம்பத்தை நிமிர்த்தினார். படம் பளிச்சென்று வந்தது.

"வந்துடுச்சு! உள்ள வாங்க!"

"நான் வரல. கையை எடுத்தா போயிடும். பிடிச்சுக்கிட்டே நிக்கிறேன். நீ போய்ப் பாரு!"

பூருல் பார்த்தாள். மகள் பின்தங்கியிருந்தாள். நேரம் வற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று அக்மரால் குனிந்து, எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்து, அப்படியே தூக்கிப் பின்பக்கமாய்ச் சாய்த்தாள். படம் ஒருமுறைகூட உடையவில்லை.

குமிஸ் கூரை வரை தெறித்தது. யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுதார்கள்.

நல்ல சேதியை முதலில் சொல்பவருக்குக் கேட்டவர் பரிசு தருவது அந்த ஊர் வழக்கம். அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க பூருலுக்கு மனமில்லை. வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடினாள்.

கம்பத்தடியில் ஆள் இல்லை.

ஸ்பானர் மட்டும் புல்லில் கிடந்தது. காற்று நன்றாகவே வீசியது. டிஷ் யார் துணையும் இல்லாமல் அசையாமல் நின்றது.

வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தார் ஜோல்தோஷ். தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டு, இரண்டு காதிலும் விரலைத் திணித்துக்கொண்டு, தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கம்பத்தை நிமிர்த்தியதிலிருந்தே அங்கேதான் இருந்திருப்பார் போல.

பூருல் மண்டியிட்டு, அவர் காதிலிருந்து ஒரு விரலை விடுவித்தாள். "பரிசு எடுங்க."

அவர் கண் திறக்கவில்லை. "அடிகிடி படலியே?"

"ஒண்ணும் படல. ஜெயிச்சுட்டா."

தொப்பிக்கு அடியில் ஒரு சிரிப்பு புறப்பட்டு, பாதி வழியில் விம்மலாகி, மறுபடியும் சிரிப்பானது.

ஜன்னலிலிருந்து சாபிர் கத்தினான்: "அக்கா! கொடி ஏத்தப் போறாங்க! அண்ணனை இன்னும் கொஞ்ச நேரம் கையை எடுக்க வேணாம்னு சொல்லுங்க!"

"எடுக்க மாட்டார்!" என்று உரக்கப் பதில் சொன்னாள் பூருல்.

அந்தக் கை அவள் கைகளுக்குள் இருந்தது.