கொஞ்சம் வெளியே இருங்க

"சட்டப் படிப்புதான் சார். வேற பேச்சே இல்லை," என்றாள் அந்த அம்மா.

மேற்படிப்பு ஆலோசகர் அவள் பக்கத்தில் இருந்த பையனைப் பார்த்தார். அவன் குனிந்து நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வணிகவியல் படிச்சா சீக்கிரம் வேலை கிடைக்கும்மா."

"கிடைக்கட்டும் சார். சட்டம்னு எப்பவோ முடிவு பண்ணியாச்சு."

பிள்ளையின் வாய்க்குப் பூட்டுப் போடும் பெற்றோரை ஆலோசகர் தினமும் பார்க்கிறார். அதற்கு அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு.

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா. நான் தம்பிகிட்ட தனியாப் பேசிக்கறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கதவைக் காட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இப்ப பயப்படாம சொல்லு. உனக்கு என்ன படிக்கணும்?"

"நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் சார். அம்மா காலேஜ்ல சேரத்தான் விசாரிக்க வந்தோம். என்னை வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க."

ஆலோசகர் பேனாவை மூடினார். "அதை அம்மாவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுக்கு யார் பேச வந்தாலும் அம்மாவை 'நீ உள்ள போ'ம்பாங்க சார், அம்மாவும் போயிடுவாங்க. நீங்க வெளியே போகச் சொன்னீங்க, போயிட்டாங்க."

அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

"அம்மா, நீ உள்ள வா. நான் வெளியே இருக்கேன்."