போன மாசத்தை விட

"மூணு மடங்கு மேடம்! போன மாசத்தை விட மூணு மடங்கு!"

மாசச் சம்பளத்துக்குக் கடையின் வெப்சைட்டைக் கவனித்துக்கொள்ளும் தமிழ்மாறன், லேப்டாப்பை ஃபிசாவின் பக்கம் திருப்பினார். சைதாப்பேட்டையிலிருந்து அடையாறு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த லேப்டாப். திரையில் ஒரு கோடு மாடிப்படி ஏறுவதுபோல் ஏறிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ஒரு புள்ளிக்கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஏறுது பாருங்க, அது இந்த மாசம். படுத்துக்கினு கீற புள்ளிக்கோடு போன மாசம். கூகுள்ல தேடி நம்ம சைட்டுக்கு வந்தவங்க கணக்கு. இன்னா சொல்றீங்க?"

ஃபிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. 'ரெஹான் ஹெல்த் மிக்ஸ்', குழந்தைகளுக்கான சத்துமாவு. மகன் பெயரில் அவள் நடத்தும் ஆன்லைன் கடை. ஷார்ஜாவில் இருக்கும் கணவன் யாசிர் போன வாரமே சொல்லிவிட்டான்: "வெள்ளிக்கிழமை கேட்பேன். வியாபாரம் ஏறியிருந்தா நடத்து. இல்லேன்னா கடையை மூடிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆம்பூருக்கு அம்மாகிட்ட போயிடு. தனியா கிடந்து அல்லாடாதே."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

இடுப்பில் இருந்த ரெஹான், வாய் நிறைய வைத்திருந்த ரெஹான் ஹெல்த் மிக்ஸை லேப்டாப் மேல் துப்பினான். ஊருக்கெல்லாம் அவன் பெயரில்தான் மாவு போகிறது. அவனுக்கு மட்டும் அது ஆகாது.

துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், புள்ளிக்கோட்டின் மேல் கையை நிறுத்தினாள்.

"சார், போன மாசம் ஏன் இப்படிப் படுத்திருக்கு?"

"அது... மார்க்கெட்டே கொஞ்சம் டல்லு மேடம்."

"போன மாசம்தானே நீங்க சைட்டோட பேருக்கு வருஷப் பணம் கட்டிப் புதுப்பிக்க மறந்துட்டீங்க? மூணரை வாரம் சைட்டே திறக்கலையே!"

தமிழ்மாறன் தொண்டையைச் செருமினார். "முழுசா மூணரை வாரம்னு சொல்ல முடியாது மேடம்."

"அதுக்கு முந்தின மாசத்தோட வச்சுக் காட்டுங்க."

"அது இன்னாத்துக்கு? பழசெல்லாம் கிளறிக்கினு..."

"காட்டுங்க சார்."

தட்டினார். புள்ளிக்கோடு குபீரென்று எழுந்து உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த மாசத்துக் கோடு அதன் இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

"கடையையே காணாமப் பண்ணிட்டு, காணாமப்போன மாசத்தோட ஒப்பிட்டு வளர்ச்சின்னு காட்டுறீங்களா? இது பச்சைப் பொய் சார்!"

"ஒரு நம்பர்கூட பொய் இல்ல மேடம். எல்லாம் கூகுள் குடுத்தது."

"நம்பர் நிஜம்தான். நீங்க பொறுக்கி எடுத்த மாசம்தான் பொய்! எங்க கான்வென்ட்ல மார்கரெட் சிஸ்டர், பொய் சொன்னவளை அரை மணி முட்டி போட வச்சா, பாதி உண்மை சொன்னவளை ஒரு மணி போட வைப்பாங்க. எதோட ஒப்பிடறோம்கிறதுல ஒரு நேர்மை வேணாமா? இதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்வேன்? அடுத்த மாசத்துல இருந்து நீங்க வர வேணாம்."

"வேற எந்தக் கஸ்டமரும் மாசத்தை எல்லாம் கேட்டதே இல்ல" என்று முனகியபடி தமிழ்மாறன் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. வீடியோ கால். யாசிர்.

"என்ன ஃபிசா, கடை எப்படிப் போகுது? ஏறியிருக்கா இல்லையா?"

ஃபிசா ஃபோனைப் பார்த்தாள். ரெஹானைப் பார்த்தாள். தமிழ்மாறனை மட்டும் பார்க்கவில்லை.

"மூணு மடங்குங்க! போன மாசத்தை விட மூணு மடங்கு!"

பையின் ஜிப் பாதியில் நின்றது.

"மாஷா அல்லாஹ்! அப்ப நீ கடையை நடத்து. பிள்ளைக்கு எடை போட்டியா?"

"போட்டேனே! போன மாசத்தை விட எவ்வளவோ ஏறியிருக்கான்!"

போன மாசம் ரெஹான் வயிற்றுப்போக்கில் இளைத்துக் கிடந்தான். அது தமிழ்மாறனுக்கும் தெரியும். சைட் விஷயமாக அவர் கூப்பிட்டபோதெல்லாம் அவள் டாக்டர் கிளினிக்கில்தான் இருந்தாள்.

அவர் லேப்டாப்பை மறுபடி வெளியே எடுத்தார். பழைய ஒப்பீட்டுக்கே மாற்றினார். ஏறுகிற கோடு யாசிருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி கேமரா பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"அடேங்கப்பா!" என்றான் யாசிர்.

அவன் சிரித்தபோதுதான் ஃபிசா கவனித்தாள். சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நின்றது.

"என்னங்க, இளைச்சுப்போன மாதிரி தெரியுதே. காசு மிச்சம் பிடிக்கிறேன்னு பட்டினி கிடக்கறீங்களா? மத்தியானம் ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?"

"சே சே, யார் சொன்னா? போன தடவை நீ கேட்டப்போ இருந்ததை விட, மத்தியானச் சாப்பாடு இப்ப எவ்வளவோ ஜாஸ்தி! சரி, வைக்கட்டுமா?"

ஃபோன் அணைந்தது.

"பாருங்க மேடம், சாரும் ஏறிக்கினுதான் கீறாரு" என்றார் தமிழ்மாறன்.

ஃபிசா சிரித்தாள். சிரித்துக்கொண்டே யோசித்தாள். சிரிப்பு நின்றுபோனது.

போன தடவை அவள் 'ஒழுங்கா சாப்பிடறீங்களா' என்று கேட்டது, ரம்ஜான் நோன்பின்போது.