துடிக்குது சார்!

"தெரையப் பாக்க நான் வரலீங்க. பிள்ளைங்க மூஞ்சியத்தான் பாக்கணும்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார் தாளாளர் திருமால். விருத்தாசலத்தில் அவருக்குப் பள்ளிக்கூடம் ஒன்று, செராமிக் கம்பெனி ஒன்று. "கப்பு நல்லா வெந்திருக்குதான்னு சூளையப் பாத்தா தெரியுமா? கப்பத் தட்டித்தான் பாக்கணும்."

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு எதிரே இருந்தார்கள். திரை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பாடத்தைப் படம் படமாகக் காட்டி நடத்த இணையத்தில் இரண்டு சாஃப்ட்வேர்கள் கிடைத்திருந்தன. ஒன்று துர்கா மிஸ் சிபாரிசு செய்தது; மற்றது கார்முகில் சார் சொன்னது. யாருடையது தேறுகிறதோ, அவர் மே மாதம் முழுக்கக் கம்ப்யூட்டர் அறை ஏசியில் உட்கார்ந்து பாடங்களை ஏற்றலாம். தோற்றவர் கத்திரி வெயிலில் கம்மாபுரம் பக்கம் வீடு வீடாகப் போய் அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்க வேண்டும்.

போன வருஷம் அந்த வேலை கார்முகிலுக்கு. வெயிலோடு நாயும் துரத்தியது. இந்த முறை எப்படியாவது ஏசியில் உட்கார்ந்துவிடுவது என்று ஒரு வாரமாக எட்டாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

முதலில் துர்கா இதயப் பாடத்தை நடத்தினார். பிள்ளைகள் யோசித்தார்கள், ஆளுக்கொரு விடை சொன்னார்கள். தமிழினி என்ற பெண், "போன ரத்தம் ஏன் மிஸ் திரும்பி வரணும்?" என்று கேட்டாள். திருமால் கொட்டாவி விட்டார்.

"என்னங்க மிஸ், பாதிப் பேரு தப்பா சொல்றாங்க?"

"தப்பா சொன்னாத்தானே சார், எது புரியலன்னு நமக்குத் தெரியும்."

"சரி, அடுத்தவங்க வாங்க."

துர்கா தன் லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனார். கார்முகில் தன்னுடையதை மேசையில் திறந்து வைத்து, பிள்ளைகளைப் பார்த்து நின்றார்.

"படம் தெரியுதா?"

"தெரியுது சார்!" வகுப்பே அதிர்ந்தது.

"இதயம் துடிக்குதா?"

"துடிக்குது சார்!"

கார்முகில் திரும்பாமலே குச்சியைப் பின்பக்கம் நீட்டினார். "இந்தச் சிவப்புக் குழாய் பேரு?"

"பெருந்தமனி சார்!"

"நீலக் குழாய்?"

"பெருஞ்சிரை சார்!"

கடைசி பெஞ்சில் துர்கா எழுந்தார். "சார், அது வந்து..."

"நீங்க நடத்தும்போது நான் குறுக்க பேசுனேனா மிஸ்?"

துர்கா உட்கார்ந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டார் கார்முகில்.

திருமாலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு பிள்ளைகூட தடுமாறலியே! ஏம்மா தமிழினி, படமெல்லாம் எப்புடி இருந்துது?"

தமிழினி ஒரு கணம் கார்முகிலைப் பார்த்தாள். "சூப்பரா இருந்துது சார்!"

"முடிஞ்சுது. இதையே வாங்கிடுவோம். அப்புடி என்னதான் காட்டுனீங்க?" என்று கேட்டபடி எழுந்து திரும்பினார் திருமால். கார்முகிலும் பெருமையோடு திரும்பினார்.

திரையில் இதயமும் இல்லை, குழாயும் இல்லை. 'நோ சிக்னல்' என்ற எழுத்து மட்டும் இங்குமங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. துர்கா கழற்றிவிட்டுப் போன ஒயர் மேசைக்கு அடியில் அப்படியே தொங்கியது.

திருமால் குனிந்து அந்த ஒயரை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு கார்முகிலின் தோளில் கை வைத்தார்.

"சாஃப்ட்வேரு துர்கா மிஸ்ஸோடதே இருக்கட்டும் சார். இல்லாத ஒண்ண இருக்குதுன்னு ஒரு கிளாஸையே சொல்ல வச்சீங்களே... நம்ம ஸ்கூலப் பத்தி வூடு வூடா போய்ச் சொல்றதுக்கு, உங்கள வுட்டா எனக்கு வேற ஆளு ஏது?"