பத்து நாள் வைத்தியம்

வயிற்றின் மேல் அரைக் கிலோ ஈர மண்ணோடு மல்லாந்து கிடந்தபோதுதான், தனக்கு வந்திருப்பது பெரிய வியாதி என்று அவருக்கு உறுதியாயிற்று. சின்ன வியாதிக்கு யாரும் மனுஷனை இப்படிப் பாதி புதைத்து வைக்க மாட்டார்கள்.

பீங்கான் தட்டுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் அவர். இருபத்தாறு வருஷமாகத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பதுதான் வேலை. 'டிங்' என்றால் கடைக்கு. 'டக்' என்றால் குப்பைக்கு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காது ஓயாது. கதவு, குழம்பு, மனைவி மடித்த துணி, எதைச் சுண்டினாலும் அவருக்கு 'டக்' என்றுதான் கேட்கும்.

இந்த இயற்கை மருத்துவமனைக்கு அவர் துணைக்குத்தான் வந்தார். மனைவிக்கு இரண்டு வருஷமாகத் தலைவலி, தூக்கமில்லை, சாப்பிட்டது செரிப்பதில்லை. ஸ்கேன் வரைக்கும் எடுத்தாயிற்று. ஒரு கோளாறும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

"எத்தனை மணிக்கும்மா படுப்பீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பத்தரைக்குப் படுத்துருவா டாக்டர். அப்புறம் புரண்டுக்கிட்டே கிடப்பா," என்றார் பரிசோதகர்.

"தலை எந்தப் பக்கம் வலிக்குது?"

"இடது பக்கம். தண்ணி குடிடீன்னா எங்க கேக்கறா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவரை மட்டும் ஐந்து நிமிஷம் வெளியே உட்காரச் சொன்னார். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது டாக்டரம்மா முகத்தில் சிரிப்பே இல்லை.

"சார், நீங்க பத்து நாள் இங்க தங்கணும். இன்னிக்கே."

"நானா? எனக்கு என்ன டாக்டர்?"

"பத்து நாள் முடியட்டும், சொல்றேன்."

ஒரு சுண்டில் விரிசலைக் கண்டுபிடிக்கிற ஆள் அவர். அதே மாதிரி ஒரு பார்வையில் கண்டுபிடிக்கிற ஆளும் இருக்கத்தானே செய்வார்கள்? மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் தோட்டத்தில் நடை, பிறகு மண்கட்டு, உப்பில்லாத காய்கறி, டாக்டர் கேட்பதற்குப் பதில் சொல்வதைத் தவிர நாள் முழுக்க மௌனம். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்; மௌனம்தான் உயிரை வாங்கியது. சாப்பாட்டுத் தட்டில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடியது. அதை யாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள் அந்தத் தட்டிலேயே சாப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

டாக்டரம்மா தினமும் வருவார். நாடி பார்க்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. "நேத்து வீட்டுக்குப் பேசுனீங்களா? அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். அவர் சொல்வதைக் கோப்பில் எழுதிக்கொண்டு போய்விடுவார். நாடி பார்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டார் பரிசோதகர்.

வீட்டுக்குப் பேச மாலையில் பத்து நிமிஷம் உண்டு. முதல் நாள், "கேஸ மூடுனியா? பின்கதவு தாழ்ப்பாள் போட்டியா? இழுத்துப் பாத்தியா?" என்பதிலேயே பத்து நிமிஷமும் போயிற்று. ஐந்தாம் நாள் அவருக்குக் கேட்க எதுவும் தோன்றவில்லை. அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ரேடியோவப் போட்டுட்டு சும்மா சாஞ்சேங்க. முழிச்சுப் பாத்தா மூஞ்சில வெயில் அடிக்குது!" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! பாவம், டாக்டரம்மா அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தன் மனசு நோகக் கூடாதென்று சிரிப்பை வரவழைத்துக்கொள்கிறாள். அறைக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். மௌன விதி மீறாமல்தான்.

ஒன்பதாம் நாள் நடையின்போது ஒரு முடிவுக்கு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. இனி மிச்சமிருப்பது மாதமோ வாரமோ, அவள் எது செய்தாலும் குறை சொல்வதில்லை. அப்படி நினைத்ததுமே நெஞ்சில் எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இரண்டு சுற்று கூடுதலாகவே நடந்தார்.

பத்தாம் நாள் மனைவி வந்தாள். கன்னம் பூரித்து, கண்ணில் கருவளையம் போய், பளிச்சென்று இருந்தாள். அழுத முகத்தை மறைக்கப் பவுடர் பூசியிருக்கிறாள் என்று எண்ணி அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் புடவை உனக்கு நல்லாருக்கும்மா," என்றார்.

அவள் பயந்துபோய் டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

டாக்டரம்மா கோப்பைப் பிரித்தார். பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "பூரண குணம் சார். தலைவலி சுத்தமாப் போயிடுச்சு. செரிமானம் நல்லாருக்கு. எட்டு மணி நேரம் தூக்கம்."

அவர் விழித்தார். "எனக்குத் தலைவலியே வந்ததில்லையே டாக்டர்?"

"உங்களுக்குன்னு யாரு சொன்னா? உங்க வீட்டம்மாவுக்கு."

"அவளுக்கா? அப்ப எனக்கு எதுக்கு டாக்டர் பத்து நாள் பத்தியம்?"

டாக்டரம்மா கோப்பை மூடினார்.

"பத்தியம் அவங்களுக்கு, சார். தள்ளி வைக்கச் சொன்னது உங்களை."