முதுகுக்கு ஒரு வசனம்

ஹெட்போனில் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு வெள்ளைக்காரி, வீட்டு வாசலில், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். எதிரே கண்ணுக்கெட்டியவரை புழுதி. அதற்குள் அவள் புருஷன் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறான். எங்கோ எவனோ சவால் விட்டானாம், அதற்காக.

அவள் கூப்பிடவில்லை. அழவில்லை. அசையக்கூட இல்லை.

மைக் முன்னால் நின்றவள் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“ஐயோ, போகாதீங்க! உங்க காலைப் பிடிச்சுக் கெஞ்சுறேன். நீங்க இல்லாம நான் அநாதைங்க!”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய கௌபாய் படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் தமிழில் ஓடப் போகிறது. காலையிலிருந்து அந்த வெள்ளைக்காரிக்கு இவள்தான் குரல்.

டப்பிங் தொழிலில் ஒரு வசதி உண்டு. வாய் தெரிந்தால் வாயசைவுக்குத் தகுந்தபடிதான் பேச வேண்டும். முதுகு தெரிந்தால் இஷ்டத்துக்குப் பேசலாம். முதுகு என்ன, திரும்பி வந்து சண்டையா போடப் போகிறது?

ஏகாம்பரம் சாருக்கு முதுகைக் கண்டால் கை சும்மா இருக்காது. வசனமும் அவர்தான், டப்பிங்கை நடத்துவதும் அவர்தான். இங்கிலீஷில் அந்தக் கதாநாயகன் படம் முழுக்கப் பேசுவது ஒரு கைப்பிடி வார்த்தை. தொப்பியைக் கொஞ்சம் தாழ்த்துவான். பார்ப்பான். எதிரி தானாக ஒதுங்குவான். அதற்காகத்தானே அந்தப் படத்தை இன்னும் பார்க்கிறார்கள்! தமிழில் அவன் திரும்பி நின்ற இடத்திலெல்லாம் பஞ்ச் டயலாக் அடிக்கிறான். குதிரை ஒன்றுதான் தப்பித்தது.

போகட்டும். அது அவன் முதுகு, அவன் பாடு.

ஆனால் இந்த வெள்ளைக்காரியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. ஜன்னலைத் துளைத்துக்கொண்டு குண்டு வந்தபோது, அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தவள். அடுத்த வீடு என்று ஒன்று கண்ணுக்கே தெரியாத வெட்டவெளியில் குடித்தனம் செய்தவள். அவள் இப்படி நிற்பதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்போல இருந்தது.

மைக் முன்னால் இருந்தவளுக்கு அப்படி நிற்கத் தெரியவில்லை.

அவளை விட்டுவிட்டுப் போன அன்று, கோயம்பேடு பஸ் ஸ்டாண்டில் தன் புருஷனின் பையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இந்தத் தாளில் இருக்கிற அத்தனையும் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். கடலை விற்றவன்கூட கூவுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். பை வாரிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, அவன் பஸ் ஏறினான்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கிளம்பும்போது பூட்டியவன் அவன். சாவி அவன் பையோடு போய்விட்டது.

எதிர்வீட்டில் அம்மிக் குழவியை இரவல் வாங்கி, தெருவே பார்க்கப் பூட்டை உடைத்தாள்.

கெஞ்ச வாய் இருந்தது. சாவியைக் கேட்க வாய் வரவில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அவன் மேல் பாதி, தன் மேல் பாதி.

அந்தக் கண்றாவியைக் கொண்டுபோய் இந்த வெள்ளைக்காரி வாயில் திணிப்பதா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏகாம்பரத்தின் குரல் வந்தது. “என்னம்மா, போலாமா?”

“சார், இவ இங்க பேசல சார். சும்மாதான் நிக்கறா.”

“அதாம்மா பிரச்சினையே. டிவில சத்தம் இல்லேன்னா ஜனங்க ரிமோட்ட எடுத்துடுவாங்க. புருஷன் போறான், பொம்பள மரம் மாதிரி நின்னா எவன் நம்புவான்? அவனையே பாரு. போற வழியில குதிரைய நிறுத்திட்டு, கோட்டுப் பையில கைய விட்டுத் துழாவுறான். கண்ணத் தொடைக்கக் கர்ச்சீப் தேடுறான்மா! இவ கதறினாத்தான அவன் தேடுறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்?”

அவள் திரையில் நின்ற அந்த முதுகையே பார்த்தாள்.

“முடியலேன்னா சொல்லிடும்மா. வெளிய மேகலா உக்காந்திருக்கு.”

மேகலா அழுவதில் கெட்டிக்காரி. விட்டால் முதல் காட்சியிலிருந்து மறுபடி பேசி, இந்த வெள்ளைக்காரியை அடுப்படியிலேயே அழவைத்துவிடுவாள். சட்டியை இறக்கும்போதும் ஒரு விசும்பல் வைப்பாள்.

“முடியும் சார்.”

அவள் தாளை ஸ்டாண்டின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

காற்று. புழுதி. வாசலில் அந்த முதுகு.

மைக்கிடம் நெருங்கினாள். குரலில் ஈரம் துளிகூட இல்லை.

“சாவியக் குடுத்துட்டுப் போங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நிறுத்தச் சொல்லி ஏகாம்பரத்தின் கை எழுந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

திரையில் அவன் குதிரையை நிறுத்தியிருந்தான். கோட்டுப் பையில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.